காப்புக் கட்டிய கை, கடிகாரம் கட்டிய கை: தல்லாகுளம் முதல் பேரையூர் வரை

எங்கள் வீட்டுக்காரருக்கு நடுக்குவாதம் என்று தெரிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. டாக்டர்கள் பார்க்கின்சன் என்பார்கள். வலது கை நடுங்கும், நடை சுருங்கும், சட்டைப் பொத்தான் போடுவது பெரிய வேலையாகிவிடும். மாத்திரை வேலை செய்கிற நேரம் ஓர் ஆள், அது இறங்கிவிட்டால் வேறோர் ஆள். போன மாதம் திருச்சி டாக்டர் ஒரு கைக்கடிகாரத்தைக் காட்டி, "இதைக் கட்டிக்கிட்டா வீட்டுல உங்க கை எப்ப எவ்வளவு நடுங்குதுன்னு எனக்கு வந்துரும். ஏஐ அதைப் படிச்சு ரிப்போர்ட் போட்டுக் குடுக்கும்" என்றார். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து, "என்னை வேவு பாக்க உன்னோட ரெண்டு கண்ணு போதாதா" என்று கேட்டார். அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

அதே மாதிரிக் கடிகாரத்தைப் பேரையூர் பக்கம் என் பெரியப்பா மகன் தங்கபாண்டி அண்ணன் இரண்டு மாதமாகக் கட்டியிருக்கிறார். விவசாயி, வயது அறுபத்தொன்று. வைத்தியம் மதுரை தல்லாகுளத்தில். ஊரில் பங்குனிப் பொங்கல், வா என்று அண்ணன் மனைவி, எங்கள் மதினியும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். சரி, டாக்டர் பக்கம் என்ன சொல்கிறார்கள், கட்டியிருக்கிற ஆள் என்ன சொல்கிறார், இரண்டையும் நேரில் கேட்டுவிட்டு வருவோம் என்று பையைத் தூக்கினேன். இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும், நான் கோயிலும் அருவியும் பஸ்ஸும் தவிர வேறெதையும் எழுதியதில்லை. இந்த ஒருமுறை பொறுத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறேகாலுக்குத் திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் ஏறினேன். நூற்று முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். ஒன்பது மணிக்கு மாட்டுத்தாவணியில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து தல்லாகுளத்துக்கு டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. ஆட்டோக்காரர் ஒருவர் நூற்றைம்பது கேட்டார். நாலைந்து கிலோமீட்டருக்கு நூற்றைம்பதா என்று நான் பார்த்த பார்வையில் அவரே, "பஸ்ஸுலயே போங்கக்கா, வேகமாப் போயிருவீக" என்று வழிகாட்டினார். நல்ல மனுஷர்.

டாக்டரின் கிளினிக் கோர்ட்டுக்குப் போகிறவர்கள் வண்டி நிறுத்துகிற ஒரு சந்துக்குள் இருக்கிறது. காத்திருப்பு அறையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவனியாபுரத்தில் லேத் பட்டறை வைத்திருந்தவராம். அவர் கையிலும் அந்தக் கடிகாரம். எனக்கு வாய் சும்மா இருக்குமா, பேச்சுக் கொடுத்தேன். எப்படி இருக்கிறது என்றேன்.

"நல்லாத்தாம்மா இருக்கு. ஒரே ஒரு கஷ்டம். வீட்டுல கேட்டா இன்னைக்கு நடுக்கமே இல்லன்னு சொல்லிப்புடலாம், நம்பிருவாக. இதுகிட்டப் பொய் சொல்ல முடியல."

"சொல்லிப் பாத்தீங்களா?"

"கழட்டி டிவி மேல வச்சுப் பாத்தேன். பத்து நிமிசத்துல இங்கிருந்து ஃபோன் வந்துருச்சு, ஏன் கழட்டுனீகன்னு."

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். இதுகிட்டப் பொய் சொல்ல முடியாது என்பதை மனதில் குறித்துக்கொண்டேன். வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று அப்போதே யோசனை.

டாக்டர் அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். வேகமான பேச்சு, ஆனால் கேட்கிற கேள்விக்கு நின்று பதில் சொல்கிறார். நான் போவதை அண்ணன் முன்பே ஃபோனில் சொல்லி, தன் ரிப்போர்ட்டையும் எனக்குக் காட்டலாம் என்று சம்மதம் கொடுத்திருந்தார்.

"மூணு மாசத்துக்கு ஒரு தடவை வர்றாங்க. பத்து நிமிஷம் பாக்குறேன். வரும்போது கரெக்டா மாத்திரையப் போட்டுக்கிட்டு, தேச்ச சட்டை போட்டுக்கிட்டு வருவாங்க. என் முன்னாடி எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. காலையில கட்டில்ல இருந்து எந்திரிக்க முடியாமக் கிடக்குறத நான் பாக்குறதே இல்ல. அதை இது பாக்குது."

ஏஐ என்கிறார்களே, அதுவே மருந்து எழுதிவிடுமா என்று கேட்டேன். இது என் வீட்டுக்காரரின் கேள்வி.

"எழுதாது. பக்கம் பக்கமா வர்ற நடுக்கக் கோடுகளைப் படிச்சு நாலு வரியாக்கிக் குடுக்கும். அத்தனை பேரோட கோடுகளையும் நான் உக்காந்து படிச்சா ஓபியில வர்றவங்களப் பாக்க முடியாது. தப்பும் பண்ணும். ஒருத்தர் தினமும் சாயங்காலம் தேங்காய் துருவுவாரு, அதை நடுக்கம்னு எழுதுச்சு. அதெல்லாம் நமக்குப் பழகிருச்சு."

பிறகு திரையை என் பக்கம் திருப்பினார். அண்ணனின் ஏழு வாரம் வரிசையாக ஆரஞ்சு நிறம், காலை நேரத்தில் சிவப்பு. கடைசி ஒரு வாரம் மட்டும் பச்சை. வயல் மாதிரிப் பச்சை. கீழே நாலு வரி, நடுக்கம் கணிசமாகக் குறைந்துள்ளது என்று. மாத்திரை எதையும் மாற்றவில்லையாம். பின்னே எப்படி என்றேன். "எனக்கும் ஆச்சரியந்தான். சில பேருக்கு வீட்டுல விசேஷம்னா ஒரு தெம்பு வரும், நாலு நாள் நல்லா இருப்பாங்க. பாப்போம்" என்றார்.

இன்னொன்றும் சொன்னார். அண்ணன் வருடம் தவறாமல் அக்கினிச்சட்டி எடுப்பவர். மண்சட்டியில் கொழுந்துவிட்டு எரிகிற நெருப்பை இரண்டு கையிலும் ஏந்தி ஊரைச் சுற்றி வர வேண்டும். போன மாதம் அவர் கேட்டபோது டாக்டர் வேண்டாம் என்றிருக்கிறார். பச்சை ரிப்போர்ட்டைப் பார்த்தபிறகு, மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து எடுங்கள் என்று ஃபோனில் அனுமதி கொடுத்துவிட்டார். மறுநாள் புதன்கிழமைதான் சட்டி. எனக்கு ஒரே சந்தோஷம். இதை வீட்டுக்காரரிடம் சொன்னால் அன்றைக்கே கடிகாரம் வாங்கச் சம்மதிப்பார் என்று கணக்குப் போட்டேன்.

தல்லாகுளத்திலிருந்து பெரியார் நிலையம், அங்கிருந்து திருமங்கலம் இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர். திருமங்கலத்தில் ஒரு டீயும் இரண்டு வடையும், முப்பத்தாறு ரூபாய். இரண்டே காலுக்குப் பேரையூர் பஸ். ஜன்னலோரம் உட்காருகிறவர்கள் இடப்பக்கம் உட்காராதீர்கள், மத்தியான வெயில் முழுக்க உங்கள் மேல்தான். டி.கல்லுப்பட்டி தாண்டினால் கரிசல் காடு விரிகிறது. பருத்தி எடுத்த காடுகள் சும்மா கிடந்தன, மேற்கே மலை மங்கலாகத் தெரிந்தது. கண்டக்டர் என் பையைப் பார்த்துவிட்டு, "திருவிழாவுக்கா? எந்த ஊரு?" என்றார். சொன்னேன்.

"அங்க காப்புக் கட்டி எட்டு நாளாச்சே. ஊர்க்காரவுக ஒருத்தரும் ராத்திரி வெளிய தங்க மாட்டாக. எல்லை தாண்டுறதே இல்லன்னு இருக்கவுகளும் உண்டு. நீங்க வெளியூரு, உங்களுக்குக் கட்டுப்பாடு இல்ல, தாராளமாப் போயிட்டு வாங்க."

அண்ணனும் எல்லை தாண்டாதவர்களில் ஒருவர். அதனால்தான் அந்த வாரம் டாக்டரிடம் நேரில் போகவில்லை. கடிகாரம் இருக்கிறதே, அது போகும் என்று விட்டுவிட்டார்கள். நானும் அப்போது அதை நல்ல வசதி என்றுதான் நினைத்தேன்.

பேரையூரில் மூன்றரைக்கு இறங்கி ஷேர் ஆட்டோவில் இன்னும் ஆறு கிலோமீட்டர், இருபது ரூபாய். ஊர்ப் பெயரைப் போடாதே என்று மதினி சொல்லிவிட்டார், போடவில்லை. அண்ணன் நிறுத்தத்துக்கே வந்திருந்தார். "வா தங்கச்சி, எம்புட்டு நேரமாக் காத்துக்கிட்டு நிக்கேன்" என்று பையை இடது கையால் வாங்கிக்கொண்டார். வலது கை வேட்டி மடிப்புக்குள் இருந்தது. வெயிலுக்கு வேட்டிக்குள் ஏன் கையை வைத்திருக்கிறார் என்று ஒரு கணம் தோன்றியது, அவ்வளவுதான்.

சோறு போட்டார்கள். அப்போதுதான் அந்தக் கை வெளியே வந்தது. மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கு கட்டிய காப்புக் கயிறு. சோற்றைப் பிசையும்போது விரல்கள் தட்டின் விளிம்பில் தடதடவென்று அடித்தன. மதினி ஒரு ஸ்பூனைத் தட்டருகே வைத்தார். என் வீட்டில் தினம் பார்க்கிற காட்சி. எனக்கு நன்றாகத் தெரியும், இது பச்சை நிறக் கை இல்லை.

"அண்ணே, வாட்ச் எங்க?"

இடது கையைக் காட்டினார்.

"வலது கையிலதானே கட்டச் சொன்னாங்க?"

பதில் மதினியிடமிருந்து வந்தது. "காப்பு வலது கையிலதானத்தா கட்டணும், ஆம்பளைக்கு. பூசாரி சொல்லிப்புட்டாரு, சாமி காப்பு இருக்க கையில வாரு, வாட்சு எதுவும் இருக்கக் கூடாதுன்னு. அதான் அந்தக் கைக்கு மாத்திக்கிட்டாக. எந்தக் கையில இருந்தா என்ன, ஒரே உடம்புதான?"

மதினிக்கு அது பெரிய விஷயமாகவே தெரியவில்லை. அண்ணனுக்கு நோய் வலப்பக்கம். இடது கைக்கு இன்னும் நடுக்கம் வரவில்லை. எட்டு நாளாக அந்தக் கடிகாரம் நல்ல கையைப் பார்த்துப் பார்த்து, ஆள் தேறிவிட்டார் என்று எழுதிக்கொண்டிருக்கிறது. அதை நம்பி டாக்டர் நெருப்பைத் தூக்கச் சொல்லிவிட்டார்.

மதினி தண்ணீர் ஊற்றியபோது அவர் முன்னங்கையில் ஒரு தீக்காயத் தழும்பைப் பார்த்தேன். கேட்டேன். போன வருடம் அண்ணன் கையில் சட்டி ஆடியிருக்கிறது. பக்கத்தில் வேப்பிலை வீசிக்கொண்டு நடந்தவர் மதினி, கங்கு அவர் கையில் விழுந்திருக்கிறது. "அதுக்குத்தான் இந்த வருசம் டாக்டரு சொன்னா எடுங்க, இல்லாட்டி வேண்டாம்னு கறாராச் சொல்லிப்புட்டேன். ஆத்தா புண்ணியம், டாக்டரே சரின்னுட்டாக" என்று சொல்லிவிட்டு முளைப்பாரிக்குத் தண்ணீர் தெளிக்கப் போனார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி.

அந்த வீட்டில் மொட்டை மாடியில்தான் சிக்னல். சாயங்காலம் ஆறு மணிக்கு அண்ணன் செல்ஃபோனை எடுத்துக்கொண்டு மேலே போவார், கடிகாரம் சேர்த்து வைத்ததெல்லாம் அப்போதுதான் மதுரைக்குப் போகும். நானும் கூடவே ஏறினேன். கோயில் பக்கம் ரேடியோ செட்டுக்காரர்கள் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"அண்ணே, வாட்ச் நல்ல கையத்தான் பாக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"கட்டுன அன்னைக்குத் தெரியாது தங்கச்சி. சத்தியமா. மூணாம் நாளு ஃபோன்ல பச்சையா வந்துச்சு பாரு, அப்பத் தெரிஞ்சுபோச்சு."

"பெறகு ஏன் சொல்லல?"

"இந்த ஒரு வருசம் எடுத்துப்புட்டா போதும்னு இருந்துச்சு. அடுத்த வருசம் எப்படி இருப்பேனோ." பிறகு அவராகவே சொன்னார். "அது எட்டு நாளா நல்ல கைய மட்டும் பாத்துச்சு. நானும் அந்தக் கையவே பாத்துக்கிட்டு இருந்தேன். நல்லா இருந்துச்சு தங்கச்சி."

எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் காட்டினேன். "மதினி கையில இருக்க தழும்ப யாரு பாக்குறது" என்று கேட்டுவிட்டேன். அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "காலையில டாக்டரம்மாகிட்ட நானே சொல்லிர்றேன். நீ சொல்லிப்புடாத" என்றார். சரி என்றேன். நான் சொல்லியிருந்தால் கோள் சொன்னதாகியிருக்கும், அவர் சொன்னால்தான் அது வைத்தியம்.

புதன் காலை ஏழு மணிக்கு மாடியில் வீடியோ கால். டாக்டர் வீட்டில் இருந்தார், பின்னால் குக்கர் சத்தம் கேட்டது. "டாக்டரம்மா, வாட்சு எட்டு நாளா இடது கையில கிடக்கு. சாமி காப்புக் கட்டுனதால மாத்துனேன். தெரிஞ்சும் உங்ககிட்டச் சொல்லல" என்று அண்ணன் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை.

"ரெண்டு கையையும் நேரா நீட்டுங்க."

நீட்டினார். ஃபோனை நான்தான் பிடித்திருந்தேன். வலது கையில் காப்புக் கயிறு ஆடிக்கொண்டே இருந்தது.

"இதை அன்னைக்கே செய்யச் சொல்லியிருக்கணும் நான்" என்றார் டாக்டர். "பச்சையப் பாத்ததும் நீட்டச் சொல்லிப் பாக்கத் தோணல. திருவிழா நேரம், காப்புக் கட்டுவாங்கன்னு எனக்குத் தெரியாதா? மதுரையிலதானே பொறந்தேன்." "சட்டி வேண்டாம்ண்ணே. வேண்டவே வேண்டாம். கூட நடங்க, மாத்திரை போட்டுட்டு நடங்க" என்றார். அண்ணன் சரி என்றார். ஃபோனை வாங்கிச் சட்டைப்பையில் போட அவருக்கு மூன்று தடவை ஆனது, நான் உதவப் போகவில்லை.

கீழே வந்து மதினியிடமும் அவரே சொன்னார். மதினி சத்தம் போடவில்லை. "ஒரு வாரமா என்னைய நம்ப வச்சிருக்கீக" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார். உள்ளே பாத்திரம் நகருகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. பிறகு வெளியே வந்து தன் இடது கையை நீட்டினார். முளைப்பாரிக்காக அவரும் காப்புக் கட்டியிருந்தார். "எனக்கும் ஆத்தா காப்பு இருக்குல்ல. சட்டிய நான் எடுக்குறேன். போன வருசம் நான் வேப்பில வீசினேன், இந்த வருசம் நீங்க வீசுங்க." பூசாரியைக் கேட்டதற்கு, "காப்புக் கட்டுன கைதான, எடுக்கட்டும்" என்று முடித்துவிட்டார்.

மூன்றரைக்குக் கொட்டுச் சத்தம் கிளம்பியது. பத்துப் பதினைந்து சட்டிகள். மஞ்சள் சேலையில் மதினி, சட்டிக்கு அடியில் வேப்பிலைக் கத்தை, நெருப்பு முகத்துக்கு நேரே. பக்கத்தில் அண்ணன். வலது கையில்தான் வேப்பங்கொத்து. மாத்திரை போட்டிருந்தும் அந்தக் கை நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. வேப்பிலைக்கு அது ஒரு பொருட்டே இல்லை, விசிறி மாதிரி ஆடியது. காற்று திரும்பும் இடமெல்லாம் கங்கு பறந்தது, அவர் ஒன்றையும் மதினி கைமேல் உட்காரவிடவில்லை. கோயில் வாசலில் சட்டியை இறக்கியபோது மதினி முதலில் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். நான் அழுதேன், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

வியாழன் காலை எட்டு மணி பஸ்ஸில் கிளம்பி, அதே வழியில் திரும்பி, மாலை மூன்றுக்குத் திருச்சி. அண்ணன் மறு வாரம் எனக்கு ஒரு ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். காப்பு அவிழ்த்துக் கடிகாரம் வலது கைக்குத் திரும்பியதும் எல்லாம் பழையபடி ஆரஞ்சு. ஆனால் அந்தப் புதன்கிழமை சாயங்காலத்துக்கு எதிரே, குறிப்பிடும்படி எதுவும் இல்லை என்று எழுதியிருந்தது. அன்றைக்கும் கடிகாரம் இடது கையில்தானே இருந்தது.

இதே காரணத்துக்காக மதுரைப் பக்கம் போகிறவர்களுக்கு. டாக்டரைப் பார்க்கக் காலை பத்து மணிக்கு முன்னால் தல்லாகுளம் போய்விடுங்கள், கோர்ட் நேரத்தில் சந்துக்குள் நுழைய முடியாது. பங்குனி, சித்திரையில் கிராமத்துக்குப் போகிறீர்கள் என்றால் காப்பு எப்போது கட்டுகிறார்கள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் அவர்கள் உங்களோடு டாக்டரிடம் வர மாட்டார்கள். கடிகாரம் கட்டியவர் வீட்டில் இருந்தால், எந்தக் கையில் கட்டியது, ஏன் மாற்றியது, எப்போது கழற்றியது, எல்லாவற்றையும் டாக்டருக்குச் சொல்லுங்கள். அதற்கு எந்தக் கை என்று தெரியாது, சொன்னால்தான் உண்டு. ரிப்போர்ட் எவ்வளவு பச்சையாக வந்தாலும் ஒரு தடவை கையை நீட்டச் சொல்லிப் பார்க்கும்படி டாக்டரிடம் கேளுங்கள், அந்தத் தல்லாகுளத்து அம்மாவே இப்போது எல்லாரையும் நீட்டச் சொல்கிறாராம். இத்தனைக்குப் பிறகும் கடிகாரம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஏழு வார ஆரஞ்சு இல்லாவிட்டால் அண்ணனின் காலை நேரம் எப்படிப் போகிறது என்று டாக்டருக்குத் தெரிந்தே இருக்காது.

வீட்டுக்காரரிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். ஏஐ பற்றி ஆயிரம் கேள்வி கேட்பார் என்று தயாராக இருந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"உங்க அண்ணன் வேப்பிலை பிடிச்சிருந்தது எந்தக் கையில?"

"வலது கையில" என்றேன்.

போன வாரம் திருச்சி டாக்டரிடம் மறுபடி போனோம். கடிகாரத்தை எடுத்துக்கொண்டு அங்கிருந்த நர்ஸ் பெண் எந்தக் கை சார் என்று கேட்டது. இவர் சட்டைக் கையை மெதுவாக மேலே ஏற்றி, நடுங்குகிற கையை நீட்டினார்.